உருண்டது பந்து, உடைந்தது கதவு!

விளையாட்டிலே நிறபேதம் நுழையுமோ என்று கேட்போர் உண்டு. அவர்களை அமெரிக்காவின் பவுலிங் கூடத்துக்கு அழைத்துச் செல்வோம்.

கிரிக்கெட் பந்துவீச்சு என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! வழவழப்பான மரத்தளத்திலே கனத்த பந்தை உருட்டி, 60 அடிக்கு அப்பால் நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம் அது. ஆலையிலே உழைத்தவன் மாலையிலே ஆடிக் களைப்பாறிய ஆட்டம். சீமான்கள் சொத்தல்ல!

ஆயினும் என்ன? அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் என்ற அமைப்பிலே வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே இடம் என்று விதி எழுதினர். பெண்கள் தனிச் சங்கம் கண்டனர்; அங்கும் கறுப்பு மகளிருக்குக் கதவடைப்பு! பந்து கறுப்பாயிருக்கலாம், உருட்டும் கை கறுப்பாயிருத்தல் ஆகாதாம்! மோட்டார்த் தொழிலாளர் சங்கம் வரிந்து கட்டிக்கொண்டு எதிர்த்தது. வழக்கும் தொடுக்கப்பட்டது. 1950-இல் விதி வீழ்ந்தது.

ஏட்டிலே வீழ்ந்தது, நாட்டிலே? 1968 பிப்ரவரியில், தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க் நகரில், பவுலிங் கூடத்துக்குள் நுழையும் உரிமை கேட்டுக் கறுப்பு மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 8-ஆம் நாள் இரவு, கல்லூரி வளாகத்திலே போலீசார் சுட்டனர். மூவர் மாண்டனர், அவர்களில் ஒருவன் பள்ளி மாணவன். சுட்ட ஒன்பது பேரும் விடுதலை!

1972-இல் வந்தது ஒரு சட்டம். கூட்டாட்சி அரசின் உதவி பெறும் கல்விக்கூடத்திலே ஆண், பெண் பேதம் கூடாது என்றது. மகளிர் அணிகள் பெருகின. பிற்காலத்தில் பவுலிங்கும் சேர்ந்தது. எண்ணிக்கையை நிரப்பத்தானே இந்த ஆட்டம் என்று மூக்கைச் சுளிப்போர் இன்றும் உண்டு. சுளிக்கட்டும்! தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் இந்த ஆட்டத்திலே மகளிருக்கு மட்டுமே பட்டப் போட்டி நடத்துகிறது. முதல் பட்டம், 2004-இல், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு.

ஆடும் முறையைக் கேளுங்கள். ஐவர் சேர்ந்து ஒரே ஆட்டம். முதலாமவர் 1-ஆம், 6-ஆம் சுற்று. அடுத்தவர் 2-ஆம், 7-ஆம் சுற்று. இப்படிப் பத்துச் சுற்று, ஒரே கணக்கு. ஒருத்தி தவறினால் அடுத்தவள் தோள் கொடுக்கிறாள். தொழிற்சங்கம் கண்டவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ!

2008-இல் மேரிலாந்து ஈஸ்டர்ன் ஷோர் என்ற கறுப்பின மக்களின் பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. 2011, 2012 ஆண்டுகளிலும் அதுவே வென்றது.

மிசிசிப்பியிலே ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகம் உண்டு; அதுவும் கறுப்பின மக்களுடையதே. 1970 மே மாதத்திலே அதன் வளாகத்திலும் போலீஸ் குண்டு பாய்ந்து இருவர் மாண்டனர். 2024-இல் பவுலிங் பட்டம் அந்தப் பல்கலைக்கழகத்துப் பெண்களுக்கு!