காசு ஸ்பீக்கருக்கா, அறைக்கா?

சேலம், நாமக்கல் பக்கம் இப்போது எழும்பும் வீடுகளில் ஹால் என்றால் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, வழுவழுப்பான டைல்ஸ். டைல்ஸ் தரை வெயிலுக்கு இதம், துடைக்கவும் எளிது. ஒலிக்குத்தான் அந்த ஹால் பகை. இந்தப் பரப்புகள் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். மீதி அத்தனையும் திரும்பி வரும். 12 அடிக்கு 12 அடி, 10 அடி உயரமுள்ள வெற்றறையில் ஒலி அடங்க, அந்த நேரத்தைக் கணிக்கும் சபைன் சூத்திரப்படி 3 விநாடிக்கு மேல் ஆகும். படத்தின் வசனம் தெளிவாகக் கேட்க அது அரை விநாடியில் அடங்க வேண்டும். சோபாவும் ஆட்களும் இருந்தால் அந்த நேரம் ஓரளவு குறையும், ஆனால் போதாது. ஆகவே கையிலுள்ள 5.1 ஸ்பீக்கர் செட்டைக் கொடுத்துவிட்டு, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் செட் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் அந்த அறைக்குச் செலவழிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

சபைன் சூத்திரம் பிறந்ததே மெத்தையிலிருந்துதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரை அரங்கு ஒன்றில் பேச்சு புரியவில்லை என்று 1895-ல் அதைச் சரிசெய்யும் வேலையை வாலஸ் சபைனிடம் கொடுத்தார்கள். அங்கே ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆனது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி அளந்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் தணிந்தது. துணிக்கு நம்மிடம் பஞ்சமா? காவிரிக்கு இக்கரையில் குமாரபாளையம், அக்கரையில் ஜமக்காளத்துக்குப் பேர்போன பவானி. ஆனாலும் தரையில் விரித்த ஒற்றை ஜமக்காளம் கீச்சொலிகளைத்தான் அடக்கும். கனமான திரையை மடிப்பு மடிப்பாகச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கவிட்டால் வசனம் தெளியும். பாஸ் உறுமலுக்கு அதுவும் போதாது. மூலையில் தடித்த பஞ்சு மெத்தை அளவுக்கு ஏதாவது வேண்டும்.

வாட்ஸ் கூடினால் சத்தம் கூடாதா என்பார்கள். 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்; காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். புது ரிசீவர் மைக் வைத்து அறைக்கேற்பத் தானே சரிசெய்து கொள்ளுமே என்பது இன்னும் வலுவான வாதம். ஸ்பீக்கர்களின் ஒலி அளவையும் தாமதத்தையும் அது நன்றாகவே சரிசெய்கிறது. சுவரில் பட்டுத் திரும்பிய முழக்கத்தை அதனால் நீக்க முடியாது. 2012-ல் ‘சிவாஜி 3டி’ இந்தியாவின் முதல் அட்மாஸ் படமாக வந்தபோது அந்த ஒலி எடுபட்டதற்கு, உறிஞ்சும் பொருள் போர்த்திய தியேட்டர் சுவர்களும் காரணம். வீட்டில் கூரையில் பட்டுத் திரும்பும்படி செய்த அட்மாஸ் ஸ்பீக்கர்களுக்குச் சமதளக் கூரை வேண்டும். சரிந்த ஓட்டுக் கூரை ஒலியை வேறெங்கோ அனுப்பிவிடும். வெளிச்சத்தமும் சேர்ந்துகொள்ளும்: பள்ளிபாளையத்திலோ இளம்பிள்ளையிலோ பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடினால், விலையுயர்ந்த செட்டு தரும் மெல்லிய ஓசைகள் தறிச்சத்தத்தில் கரைந்துபோகும்.

டிவியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டுமே கேட்பவர்களுக்கு, ஸ்பீக்கருக்கா அறைக்கா என்ற தயக்கம் தேவையில்லை. மெல்லிய டிவியில் ஸ்பீக்கர் சிறியது, பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். சாதாரண சவுண்ட்பாரும் சப்வூஃபரும் வாங்கினாலே வசனமும் பாட்டும் அடியோடு மாறும். கொடுக்கும் காசுக்கு மிகப் பெரிய பலன் இந்த முதல் படியில்தான்.