நூற்றில் ஏழு போனால்…

“நூறிலிருந்து ஏழைக் கழிங்க. வர்றதிலிருந்து இன்னொரு ஏழு. நான் நிறுத்தச் சொல்றவரைக்கும் சொல்லிக்கிட்டே போங்க.”

முதியோர் நல மருத்துவர் இப்படிக் கேட்டதும், “ஒண்ணாங்கிளாஸ் கணக்கா டாக்டர்?” என்று சிரிக்கிறவர்கள் உண்டு. 93, 86 வரை தடதடவென்று வரும். அப்புறம் ஒரு தயக்கம். “எவ்வளவு கழிக்கச் சொன்னீங்க?”

டாக்டர் குறித்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். கணக்கு மறக்கவில்லை, 86-ஐ மனதில் பிடித்துக்கொண்டே ‘ஏழு’ என்பதையும் விடாமல் வைத்திருக்க முடியவில்லை. இந்தப் பிடிமானத்தைத்தான் செயல்நினைவு என்கிறார்கள். 1974-இல் பேட்லி, ஹிட்ச் என்ற இரு உளவியலாளர்கள் இதை விளக்கினார்கள். அடுத்த ஆண்டே, 30 மதிப்பெண்ணுக்கான ஒரு சோதனையில் இந்தக் கழித்தல் இடம்பிடித்தது.

பள்ளிக்கூடமே போகாதவரிடம் கழித்தலைக் கேட்டு என்ன பயன்? ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 1990-களில் ஆய்வு செய்தவர்கள் அதற்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள். ஞாயிறு, சனி, வெள்ளி… எழுத்தறிவு தேவையில்லை, பிடிமானம் மட்டும் போதும். அருமையான யோசனை.

வீட்டில் இந்தப் பிடிமானம் தளர்வது முதலில் தெரிவது பெரும்பாலும் அடுப்படியில்தான். புளியைக் கரைத்தபடியே குக்கர் விசிலை எண்ணி, பொங்கப்போகும் பாலையும் பார்த்துக்கொண்ட அம்மா, இப்போது விசில் எத்தனை என்று கேட்கிறார். சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுகிறது. யாரோ ஒரு நடிகர் பெயர் நாக்கு நுனியில் நின்று சாயங்காலம் வந்தால் கவலை வேண்டாம். நாற்பது வருடமாகச் செய்த வேலை சில மாதங்களாகப் பாதியில் நின்றால், “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடக் கூடாது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்கிறது 2023-இல் வெளியான மதிப்பீடு. ஆனால் தடுமாறுகிறவர்கள் எல்லோருக்கும் அதுவேதான் என்றில்லை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, மந்தமான காது, தூக்க மாத்திரை எல்லாம் இதே வேஷம் போடும். அவற்றுக்கு மருந்தோ மாற்றோ உண்டு. சீக்கிரம் டாக்டரிடம் போகச் சொல்வது இதற்காகவும்தான்.

ஒன்று மட்டும் வேண்டாம்: சாப்பாட்டு நேரத்தில், பேரப்பிள்ளைகள் முன்னால் அப்பாவை ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது அவர் சாப்பிடுகிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே இருக்கிறவர் யாரோ, அவரே உடன் போகட்டும்.