கைகட்டி உட்கார்ந்தால் கேட்டதாகுமா?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கைகட்டி, வாய்பொத்தி ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தால், எல்லோரும் பாடம் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த அமைதியை நம்பிவிட முடியாது. ஒலி காதில் விழுவது முதல் படி மட்டுமே. மீதி வேலையெல்லாம் வெளியே தெரியாமல் தலைக்குள் நடக்கிறது.

அந்த வேலையின் வேகமே வியப்பூட்டும். இருவர் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் எவ்வளவு இடைவெளி? உலகின் 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடி. கண்ணை ஒருமுறை இமைத்துத் திறக்கும் நேரம். ஆனால் ஒரு சொல்லைத் தேடியெடுத்து நாவுக்குக் கொண்டுவர மூளைக்கு 600 மில்லி விநாடி வேண்டும். கணக்கு இடிக்கிறதே! எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, பதிலையும் நாம் தயார் செய்துவிடுகிறோம் என்பதுதான் விடை. சிறு பிள்ளைகளுக்கு இந்த வித்தை இன்னும் கைவரவில்லை. அவர்கள் பதில் சொல்லக் கூடுதல் நேரம் எடுக்கிறார்கள்.

ஊகித்தால் மட்டும் போதாது. கேட்டதைப் பிடித்தும் வைத்திருக்க வேண்டும். அதற்கான இடம் ‘செயல்நினைவு’, அதாவது இப்போது கையாளும் தகவலைச் சில விநாடிகள் மட்டும் தாங்கும் மூளையின் தற்காலிகச் சேமிப்பு. புதிய தொலைபேசி எண்ணை எழுதி முடிக்கும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறோம் அல்லவா? பிள்ளைகளும் அப்படிச் செய்கிறார்களா என்று அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவலும் அவருடைய குழுவினரும் 1966இல் சோதித்தார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டு விண்வெளித் தலைக்கவசம் ஒன்றை மாட்டினார்கள். சில படங்களைத் தொட்டுக் காட்டி, அந்த வரிசையை நினைவில் வைக்கச் சொன்னார்கள். பிறகு கவசத்தின் முகமூடியை இறக்கிக் கண்களை மறைத்தார்கள். வாய் மட்டும் வெளியே தெரிந்தது. உதட்டசைவைப் படிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அதையே கவனித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அழகான ஏற்பாடு! 5 வயதுப் பிள்ளைகள் 20 பேரில் இரண்டே பேர்தான் படங்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். 10 வயதில் 20 பேரில் 17 பேர்.

அடுத்த ஆண்டு வந்த முடிவு இன்னும் இனிப்பானது. தாமாகச் சொல்லிப் பார்க்காத பிள்ளைகளிடம், ‘மெதுவாக முணுமுணுத்துக்கொண்டே இரு’ என்று சொன்னதும், அவர்களும் மற்றவர்களுக்கு ஈடாக நினைவில் வைத்தார்கள். திறன் உள்ளே இருந்தது. அதைப் பயன்படுத்தலாம் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. வற்புறுத்தாமல் விட்டபோது பலர் பழைய வழிக்கே திரும்பினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஒருநாள் சொல்லிக்கொடுத்தால் போதாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது உளவியலாளர் எல்லன் மார்க்மன் 1977இல் வெளியிட்ட சோதனை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு சீட்டு விளையாட்டைச் சொல்லித் தந்தார். ‘சிறப்புச் சீட்டு’ யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அது எந்தச் சீட்டு என்பதை மட்டும் வேண்டுமென்றே சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் பலருக்கு அந்த ஓட்டை தெரியவே இல்லை. புரிந்துவிட்டது என்றே நம்பினார்கள். ஆடிப் பார்க்கச் சொன்னபோதுதான் விழித்தார்கள். ‘புரிந்ததா?’ என்ற கேள்விக்கு வகுப்பே ஒரே குரலில் ‘புரிந்தது’ என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை. தனக்குப் புரியவில்லை என்பதைக் கண்டுகொள்வதே தனித் திறன்.

அதனால்தான் ‘முனைப்புடன் கேட்டல்’ என்னும் பயிற்சி, அதாவது கேட்டதை உள்வாங்கித் தன் சொற்களில் திருப்பித் தருவது, வகுப்பறைக்கு இவ்வளவு பொருந்துகிறது. உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957இல் பெரியவர்களின் பணியிடங்களுக்காக இதைப் பற்றி எழுதினார்கள். பிள்ளைகளிடம் ‘நான் என்ன சொன்னேன், உன் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்’ என்றாலோ, ‘செய்து காட்டு’ என்றாலோ போதும், ஓட்டைகள் தாமாகவே வெளிப்படும்.

இதில் ஆசிரியருக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து நேரத்தை அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. பதில் வந்த பிறகும் அதே அவசரம்தான். படிப்பில் பின்தங்கியவர்கள் என்று தாங்கள் கருதிய பிள்ளைகளுக்கு, மற்றவர்களுக்குக் கொடுத்ததை விடவும் குறைந்த நேரமே கொடுத்தார்கள். காத்திருப்பை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்களின் நீளம் 300 முதல் 700 விழுக்காடு வரை கூடியது. பதிலே சொல்லாமல் விழிப்பது குறைந்தது. பிள்ளைகள் தாமாகக் கேள்வி கேட்டார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டுத் தொடர்ந்தார்கள். பாடநூல் மாறவில்லை, செலவும் இல்லை. கூடியது இரண்டு விநாடி மட்டுமே.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! நாளைக்கு ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டதும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பதில் வந்த பிறகு இன்னொரு மூன்று எண்ணுங்கள். முக்கியமாக, ‘இவனுக்கு எங்கே தெரியப்போகிறது’ என்று நீங்கள் நினைத்து வைத்திருக்கும் பிள்ளையிடம்.