ஓர் ஊரும் பல கலையும்

ஆலங்குடி என்னும் பெயருடைய ஊர்கள் தமிழ்நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்டு உள்ளன. குரு வழிபாட்டினால் பலரும் அறிந்த ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இரும்பூளை என்பது அதன் பழம்பெயர். திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலம் அதுவே. இங்குக் கூறப்படும் ஆலங்குடி அதுவன்று. புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ஒரு வட்டத்தின் தலைமையூராக விளங்குவது. புதுக்கோட்டைத் தனியரசாய் இருந்த காலத்திலும் அதன் மூன்று வட்டங்களுள் ஆலங்குடி ஒன்று. மற்றவை திருமயமும் குளத்தூரும். பெயரொற்றுமை கண்டு ஓரூரின் சிறப்பை மற்றோரூருக்கு ஏற்றியுரைப்பார் இன்றும் உளர்.

பொது அறிவு வினாக்களுக்கு ஒரு சொல்லில் விடை கூறிப் பழகிய மாணவர்க்கு, அவ்விடையோடு செய்தி முடிந்துவிட்டதாகவே தோன்றும். ‘இந்தியாவின் தேசிய மரம் யாது?’ என்றால் ‘ஆல்’ என்பர். அவ்வளவில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு சிறிது தொலைவு நடந்தால் இலக்கணமும் உயிரியலும் வரலாறும் நிலநூலும் இசையும் அடுத்தடுத்து எதிர்ப்படுகின்றன. ஆலங்குடியிலிருந்தே அந்நடையைத் தொடங்கலாம்.

முதலில் பெயர். ஆல் என்பது நிலைமொழி. குடி என்பது வருமொழி. இடையே ‘அம்’ என்னும் சாரியை தோன்றி, அதன் மகர மெய் ககரத்திற்கு இனமான ஙகரமாய்த் திரிந்து, ஆலங்குடி ஆயிற்று. மரப்பெயர்களுக்கு அம்முச் சாரியை வருதல் தொல்காப்பியனார் காலந்தொட்டு வரும் மரபு. புளியங்கொம்பு, வேலங்குச்சி, ஆலங்காடு என உலக வழக்கிலும் இது பயின்று வருகிறது. இலக்கணம் படியாத உழவரும் ‘புளிக்கொம்பு’ என்று சொல்லாமல் ‘புளியங்கொம்பு’ என்றே சொல்வர். விதியை நூல் வகுத்தது; வழக்கை மக்கள் வகுத்தனர்.

இனி, மரம். பூ வெளிப்படத் தோன்றாமலே காய்க்கும் மரங்களை நம் முன்னோர் ‘கோளி’ என்னும் பெயரால் தனியே பிரித்துரைத்தனர். ஆல், அரசு, அத்தி முதலியன அவ்வகையின. நிகண்டுகளில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. கண்ணுக்குத் தோன்றும் அளவில் இப்பாகுபாடு மிகச் சரியானது. எனினும், இதைக் கொண்டு ஆலமரத்திற்குப் பூவே இல்லை எனக் கொள்ளுதல் பிழையாகும். ஆலங்காய் என்று நாம் கூறுவது உண்மையில் காயன்று. உட்புறமாகக் குவிந்து மூடிக்கொண்ட ஒரு பூங்கொத்து. அதனைக் குறுக்கே அரிந்து நோக்கினால், உட்சுவர் எங்கும் நுண்ணிய பூக்கள் நூற்றுக்கணக்கில் நெருங்கியிருத்தல் புலனாகும்.

மூடிய அறைக்குள் இருக்கும் பூக்களுக்கு மகரந்தம் எவ்வாறு சென்று சேரும்? காற்று புகாது, தேனீயும் நுழையாது. கொசுவினும் சிறிய ஒரு குளவி இப்பணியைச் செய்கிறது. காயின் நுனியில் உள்ள மிகக் குறுகிய துளை வழியே பெண்குளவி உள்ளே புகுகிறது. புகும்போதே அதன் சிறகுகள் பெரும்பாலும் முறிந்துவிடும். ஆகவே மீண்டும் வெளிவருதல் இல்லை. தான் பிறந்த காயிலிருந்து கொணர்ந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே மாய்கிறது. முட்டைகளிலிருந்து வளரும் ஆண்குளவிகளுக்குச் சிறகே இல்லை. அவை பெண்குளவிகளோடு கூடியபின் காயின் சுவரைத் துளைத்து வழிசெய்து உயிர்விடுகின்றன. அவ்வழியே பெண்குளவிகள் மகரந்தம் தாங்கி வெளிப்பட்டு, வேறொரு காயைத் தேடிப் பறக்கின்றன. ஆலமரத்திற்கு இவ்வாறு உதவும் குளவியை அறிவியலார் ‘யூப்ரிஸ்டினா மசோனி’ என வழங்குவர். அக்குளவி அழிந்தால் ஆல் விதை கொள்ளாது. ஆல் அழிந்தால் குளவிக்கு வீடில்லை.

ஆலின் விழுதுகள் தாய்மரத்தைத் தாங்கும் என்பதைப் பலரும் அறிவர். தாய்மரமே இல்லாதொழியினும் அவை மரத்தைக் காக்கும் என்பதற்குக் கொல்கத்தாவை அடுத்த ஹௌராவின் தாவரவியல் தோட்டத்து ஆலமரம் சான்றாகும். பூஞ்சை நோயால் கெட்ட அதன் நடுத்தண்டு 1925 இல் வெட்டி அகற்றப்பட்டது. ஆயினும் மரம் பட்டுப்போகவில்லை. ஆயிரக்கணக்கான விழுதுகளின்மேல் நின்று இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது.

பறவைகள் ஆலம்பழத்தை உண்டு எச்சமிட, விதை பெரும்பாலும் மற்றொரு மரத்தின்மேல் விழுந்து முளைக்கிறது. ஆலங்குடிப் பக்கத்தில் பனையைத் தழுவி வளர்ந்த ஆல்களைக் காணலாம். பனைமட்டையின் இடுக்கில் தங்கும் ஈரமும் தூசியுமே அவ்விதைக்கு முதல் நிலம்.

பனை என்றவுடன் பொற்பனைக்கோட்டை நினைவிற்கு வரும். இவ்வூர் ஆலங்குடி வட்டத்தில், புதுக்கோட்டைக்கு அணித்தே உள்ளது. பொன்னால் ஆகிய பனை ஒன்று முன்பு இப்பகுதியில் நின்றதாகவும், அது பொற்பழம் உதிர்த்ததாகவும் கூறும் கதையிலிருந்து இப்பெயர் வந்தது. கதை அவ்வாறாக, நிலம் வேறொன்று கூறிற்று. ஏறத்தாழ வட்டமான மண்மேடும் அதனைச் சூழ்ந்த அகழியும் ஒரு பழங்கோட்டையைக் காட்டின. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்றும் இங்குக் கிடைத்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2021 இலும், மாநிலத் தொல்லியல் துறை 2023 முதலும் இங்கு அகழாய்வு நிகழ்த்தின. செங்கற் கட்டுமானம், எலும்பாலாகிய முனைக்கருவி, சூதுபவள மணி ஆகியவற்றோடு பொன்னாலாகிய மிகச் சிறிய அணி ஒன்றும் வெளிப்பட்டது. பொற்பழம் உதிர்ந்ததாகக் கூறும் ஊரில் ஒரு பொற்பூ கிடைத்தது என்று மக்கள் மகிழ்ந்தனர்; அம்மகிழ்ச்சியில் தவறில்லை.

கோட்டை நிற்கும் மண் சிவந்த மண். அதன் அடியில் உள்ளது செம்புறாங்கல். வெப்பமும் பெருமழையும் மாறி மாறி வரும் நாடுகளில், பாறையில் உள்ள மணற்சத்தும் சுண்ணச்சத்தும் நெடுங்காலமாக நீரில் கரைந்து கழிய, இரும்பும் அலுமினியமும் எஞ்சி நின்று இக்கல் உண்டாகிறது. இரும்பு துருவேறுதலே இதன் செந்நிறத்திற்குக் காரணம். தோண்டும்போது மண்வெட்டிக்கும் இளகும். வெயிலிலும் காற்றிலும் கிடக்கக் கிடக்க இறுகும். ஆகவே இதனைச் செங்கல்போல் அறுத்துச் சுவரெழுப்பினர். மலையாள நாட்டின் அங்காடிப்புறத்தில் இவ்வாறு அறுப்பதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காத்லாந்து நாட்டு மருத்துவர், இலத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘லேட்டரைட்’ என்னும் பெயரை அமைத்து, 1807 இல் வெளிவந்த தம் நூலில் வழங்கினார். உலகெங்கும் நிலநூலார் இன்று ஆளும் அச்சொல், தென்னாட்டுக் கல்தொழிலாளரின் வேலையைப் பார்த்துப் பிறந்ததாகும்.

புதுக்கோட்டை நகரை ஏறத்தாழ எல்லையாகக் கொண்டால், அதற்கு மேற்கே உள்ளவை 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய கடும்பாறைகள். கிழக்கே ஆலங்குடிப் பக்கம் உள்ளவை, அவற்றோடு ஒப்பிடுகையில் மிக இளையனவான படிவுப்பாறைகள். இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கடும்பாறை நிலத்தில் வெடிப்புகளில் மட்டுமே நீர் தங்கும். கிணறு விரைவில் வற்றும். படிவு நிலத்திலோ மணற்பாறை அடுக்குகள் மிகுந்த நீரைத் தேக்கி வைத்திருக்கும். வெள்ளாறும் அக்கினியாறும் அம்புலியாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும் ஆறுகள். அங்ஙனமாகவும் வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் முதலிய ஊர்கள் பூவும் பலாவும் தென்னையும் வாழையும் செழித்து விளங்குவது இந்நிலத்தடி நீராலேயே ஆகும். ஆழ்துளைக் கிணறுகள் பெருகப் பெருக நீர்மட்டம் கீழிறங்குவதையும் அவ்வூர் உழவர் கண்கூடாகக் காண்கின்றனர். கண்மாய்களைத் தூர்வாரி மழைநீரைத் தேக்க இளைஞர் முன்வந்ததும் அதனாலேயே.

படிவுப்பாறை நீரை மட்டும் தேக்குவதன்று. எண்ணெயையும் எரிவளியையும் தேக்குவதும் அதுவே. ஆலங்குடி வட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்திற்கு 2017 பிப்ரவரியில் நடுவணரசு ஒப்புதல் அளித்தபோது, அச்சொல்லையே அதற்குமுன் கேட்டறியாத உழவர் அதன் பொருளை ஆராயத் தொடங்கினர். ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த எரிபொருள் அது. தம் கிணற்று நீர் நிற்கும் அடுக்குகளைத் துளைத்துக்கொண்டே அதற்கும் குழாய் இறங்கவேண்டும் என்பதை உணர்ந்து, நிலமும் நீரும் கெடும் என அஞ்சிப் பல வாரங்கள் அறப்போர் நடத்தினர். நாட்டிற்கு எரிபொருள் வேண்டும் என்ற வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், 2020 இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியபோது, காவிரிக் கழிமுகத்தோடு புதுக்கோட்டை மாவட்டத்தின் சில ஒன்றியங்களும் அதனுள் சேர்க்கப்பட்டன. திருவரங்குளம் ஒன்றியம் அவற்றுள் ஒன்று.

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் இப்பகுதியின் தென்னையையும் பலாவையும் பெருமளவில் சாய்த்தது. பலாவின் பயன் பழத்தோடு நிற்பதில்லை. கஞ்சிரா என்னும் சிறுபறையின் வட்டச் சட்டம் பலாமரத்தில் கடையப்படுவது. அதுவரை பசனைகளில் முழங்கிய இக்கருவியை இசையரங்கிற்குக் கொணர்ந்து உயர்த்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. ஒரு முகத்தில் உடும்பின் தோலைப் போர்த்து, நீர் தெளித்துச் சுருதி தாழ்த்தி, ஒரு கையாலேயே வாசிப்பர். உடும்பு இந்நாளில் சட்டத்தால் காக்கப்படும் உயிராதலின் வேறு தோல்களும் பயன்படுகின்றன. சட்டத்தின் பிளவில் ஒலிக்கும் சிறு தகடுகளுக்குப் பழைய காசுகளையே கோத்துவிடுவதும் உண்டு.

காசு என்றால், புதுக்கோட்டைக்குத் தனிக் காசு இருந்தது. அம்மன் காசு என்பது அதன் பெயர். ஒரு புறம் திருக்கோகரணத்துப் பிரகதாம்பாள் உருவமும், மறுபுறம் ‘விசய’ என்னும் தெலுங்கெழுத்தும் பொறித்த சிறு செப்புக்காசு அது. 20 காசு சேர்ந்தது ஓரணா. நவராத்திரியில் அரிசியோடு இக்காசையும் மக்களுக்கு வழங்குதல் தொண்டைமான் அரசர் வழக்கம். 1948 மார்ச்சு 3 இல் அவ்வரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. திருக்கோகரணத்து அருங்காட்சியகம் அவ்வரசில் 1910 இல் நிறுவப்பட்டது.

மேற்கே சென்றால் கல் மாறுகிறது, கலையும் மாறுகிறது. இறுகிய கருங்கல் நுண்ணிய எழுத்தைத் தாங்கும். நொறுங்கும் செம்புறாங்கல் தாங்காது. சித்தன்னவாசலில் சமண முனிவர் படுக்கைகளும் 9 ஆம் நூற்றாண்டுத் தாமரைப் பொய்கை ஓவியமும் நிலைத்தன. அவ்வோவியத்தில் பெரும்பகுதி இன்று மங்கிவிட்டது. எஞ்சியவற்றையும் கைபட்ட இடம் கெடுக்கும்.

குடுமியான்மலையில் உள்ளதோ கல்லில் வெட்டிய இசைநூல். 7 ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படும் இக்கல்வெட்டு 1904 இல் கண்டறியப்பட்டது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு கிராம இராகங்களுக்குரிய சுரங்கள் நான்கு நான்காகத் தொகுத்து அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்னும் உயிர்களோடு சேர்ந்து ர, ரி, ரு, ரெ என்பதுபோல் நால்வகையாய் வருகிறது. அவ்வேறுபாட்டின் பொருள் யாது என்பதில் இசையறிஞர் ஒருமைப்படவில்லை. உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய ஓர் அரசன் இதனைச் செய்தான் என்று கல் கூறுகிறது. அவன் மகேந்திரவர்மன் எனச் சிலர் கொள்வர். அதனைப் பிறர் மறுப்பர். ஆனால் யார் பொருட்டுச் செய்தான் என்பதில் ஐயமில்லை. மாணாக்கர் நன்மைக்காக என அவனே பொறித்துள்ளான். அரசன் தன்னைப் பற்றிக் கூறும்போதும் தன் ஆசிரியரின் மாணாக்கன் என்றே கூறிக்கொண்டான். தன் பெயரைக் கூறவில்லை. பெயரைப் பொறிக்காமல் பாடத்தைப் பொறித்த அரசர் வேறெவரும் உளரோ, அரிது.

இத்தகைய பாறைகள் நிறைந்த மாவட்டத்தில் கல்லுடைத்தல் பல்லாயிரவர்க்கு வாழ்வு. அவருள் பெண்கள் மிகப் பலர். அவர்களுள் எழுத்தறிந்தோர் சிலரே. 1991 இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியராய் இருந்தார். மாலைநேரங்களில் தெருவிளக்கின் கீழும் திண்ணையிலும் கூடிப் பெண்கள் எழுத்துக் கற்றனர். கல்குவாரிகளைப் பெண் தொழிலாளர் குழுக்களே குத்தகைக்கு எடுத்து நடத்தும் முறையும் வந்தது. கணக்குப் பார்க்கவும் கையொப்பமிடவும் தெரிந்தபின் அவர்களை ஏமாற்றுதல் முன்போல் எளிதாயில்லை. எழுத்தோடு மிதிவண்டி ஓட்டுதலும் ஒரு பாடமாயிற்று. பெண் மிதிவண்டி ஏறுவதைக் கண்டு தொடக்கத்தில் சிரித்தவரும் பழித்தவரும் பலர், கற்றவரோ நிறுத்தவில்லை. நீர்க்குடம் சுமக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும், பேருந்துக்காகக் காத்திராமல் அடுத்த ஊர் செல்லவும் அது பயன்பட்டது. 1992 இல் அனைத்துலக மகளிர் நாளையொட்டி எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டிக் காட்டினர். பெண்களுக்கென அமைந்த வண்டிகள் கடைகளில் போதாமையால் பலர் ஆண்களுக்குரிய வண்டிகளையே வாங்கினர். வேண்டுமென்றே அவ்வண்டியைத் தேர்ந்தவரும் இருந்தனர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே அதில் ஒரு குறுக்குக் கம்பி உண்டு. குழந்தையை அதன்மேல் உட்கார வைத்துக்கொள்ளலாம்.