கடனுக்கு ஈடாகக் கிடைத்த ஊர்

போலந்து நாட்டின் வடகிழக்கு மூலையில், பியாவிஸ்டாக் நகரிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், பெலாருஸ் எல்லைக்கு அருகே ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயர் குருஷினியானி. நீண்டதொரு தெரு, மர வீடுகள், சுற்றிலும் வயலும் காடும் - இவ்வளவே ஊர். ஆனால் தெருவோரத்து மரங்களுக்கிடையே பச்சை வண்ணம் பூசிய மரக்கட்டடம் ஒன்று நிற்கிறது. முகப்பில் இரண்டு கோபுரங்கள். முதற் பார்வையில் அதை நாட்டுப்புறக் கிறித்தவக் கோயில் என்றே எண்ணத் தோன்றும். அண்ணாந்து பார்த்தால் கோபுர உச்சியில் சிலுவை இல்லை, பிறை இருக்கிறது! ஆம், அது ஒரு பள்ளிவாசல். கத்தோலிக்கர் நிறைந்த போலந்தில், அதுவும் இத்தகைய மூலையில், பள்ளிவாசல் எப்படி வந்தது?

விடை காண ஆறு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிதுவேனியாவை ஆண்ட விதௌதாஸ் என்னும் பெருங்கோமான் தாத்தாரியக் குதிரைவீரர்களைத் தம் நாட்டில் குடியமர்த்தினார். போரென்றால் வாளெடுத்து வரவேண்டும். அதற்கு ஈடாக நிலம் உண்டு, தங்கள் மார்க்கத்தைப் பின்பற்றும் உரிமையும் உண்டு. 1410-இல் நடந்த புகழ்பெற்ற குருன்வால்ட் போரில் தாத்தாரியர் போலந்து-லிதுவேனியப் படைகளோடு சேர்ந்து போரிட்டனர்.

காலம் சென்றது. 17-ஆம் நூற்றாண்டில் அடுத்தடுத்து வந்த போர்களால் அரசின் கருவூலம் வறண்டது. வீரர்களுக்குச் சம்பளம் நின்றது. பழைய உரிமைகளும் குறுக்கப்பட்டன. பொறுத்துப் பார்த்த தாத்தாரியப் படைப்பிரிவுகள் சில 1672-இல் துருக்கிய சுல்தானின் பக்கம் போய்விட்டன. அங்கும் அவர்கள் மனம் ஒன்றவில்லை. அவர்களைத் திரும்ப அழைக்க விரும்பிய மூன்றாம் யான் சோபியெஸ்கி மன்னரிடமோ பணம் இல்லை. இருந்தது நிலம். ஆகவே 1679-ஆம் ஆண்டில், கொடுபடாத சம்பளத்திற்கு ஈடாக, அரசுக்குச் சொந்தமான ஊர்களைத் தாத்தாரியருக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தார். போஹோனிக்கி என்ற ஊர் சிலருக்குக் கிடைத்தது. குருஷினியானி, சாமுவேல் முர்சா கிஷெச்சோவ்ஸ்கி என்ற படைத்தலைவருக்கும் அவருடைய வீரர்களுக்கும் கிடைத்தது. நான்கே ஆண்டுகளில், 1683-இல், வியன்னாவைத் துருக்கியரிடமிருந்து மீட்கச் சோபியெஸ்கி புறப்பட்டபோது தாத்தாரியரும் அவர் படையில் இருந்தனர். அந்தப் போர்க்காலத்தில் கிஷெச்சோவ்ஸ்கி மன்னரின் உயிரைக் காத்தார் என்றும், பின்னர் மன்னர் இந்த ஊருக்கே வந்து அவர் வீட்டில் விருந்துண்டார் என்றும் ஊரார் சொல்லி மகிழ்வர்.

இனிப் பள்ளிவாசலுக்குள் நுழைவோம். இப்போதுள்ள கட்டடம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையோ அதையடுத்த சில ஆண்டுகளையோ சேர்ந்தது. போலந்தில் நிலைத்திருக்கும் பள்ளிவாசல்களில் இதுவே பழமையானது என்பர். அந்த வட்டாரத்து மரத்தச்சு முறையிலேயே கட்டப்பட்டதால்தான் கிறித்தவக் கோயிலின் சாயல் வந்தது. ஆடவருக்கு ஒரு கூடம், பெண்டிருக்கு ஒரு கூடம். இடைச்சுவரில் நீண்ட திறப்பு. அதில் மெல்லிய திரை. தெற்குச் சுவரில் மிஹ்ராப் மாடம். சுவர்களில் அரபு எழுத்தோவியங்கள்.

சற்றுத் தள்ளி, மரங்கள் அடர்ந்த மேட்டில் இருக்கிறது மிசார் எனப்படும் கபுறுஸ்தான். படிக்க முடிகிற மிகப் பழைய கல்லில் 1699 என்ற ஆண்டு காணப்படுகிறது. கற்களின் மேற்பகுதியில் பிறையும் அரபு வாசகமும் இருக்கும். கீழே பெயரோ சிலவற்றில் ருசிய எழுத்தில், சிலவற்றில் போலிஷ் எழுத்தில்! 19-ஆம் நூற்றாண்டில் இப்பகுதி ருசியப் பேரரசின் கீழ் இருந்தது; 1918-இல் போலந்து மீண்டும் தனிநாடாயிற்று. ஆட்சிகள் மாறிய கதையை இக்கற்களே சொல்லுகின்றன.

தாத்தாரிய மொழி எங்கே என்று கேட்கலாம். அது இந்த ஊர் கிடைக்கும் முன்பே மறையத் தொடங்கிவிட்டது. போர்வீரர்களாக வந்தவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர்; பிள்ளைகள் தாயின் மொழியையே பேசினர். அவர்கள் எழுதிவைத்த கிதாபு என்னும் சமய நூல்களைப் பார்த்தால் வியப்பு உண்டாகும். எழுத்து அரபு, மொழியோ பெலாருஸ், அல்லது போலிஷ். வழிபாட்டை விடவும் மனமில்லை, புரியாத மொழியில் மட்டும் ஓதவும் மனமில்லை. இரண்டிற்கும் நடுவே அவர்கள் கண்ட வழி அது. பழைய வாழ்வின் சுவையொன்று அடுப்படியிலும் எஞ்சியிருக்கிறது. மெல்லிய மாவுத்தாள்களை அடுக்கி, இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வைத்துச் சுருட்டிச் சுடும் பியெரெகச்செவ்னிக் என்ற பலகாரம், 2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மரபு உணவுப் பட்டியலில் இடம்பெற்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. தாத்தாரியர் வாழ்ந்த ஊர்களிற் பெரும்பாலானவை சோவியத் பக்கம் போயின. பழைய மரப்பள்ளிவாசல்களோடு போலந்தில் எஞ்சியவை குருஷினியானியும் போஹோனிக்கியும் மட்டுமே. இளைஞர் பலர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். இன்று குருஷினியானியில் சில தாத்தாரியக் குடும்பங்களே உள்ளன. அண்டை வீட்டாரிற் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர். அவர்களுக்கும் இவ்வூரில் கோயிலும் கல்லறைத் தோட்டமும் உண்டு. இரு ஊர்களின் பள்ளிவாசல்களையும் மிசார்களையும் போலந்து அரசு 2012-இல் வரலாற்று நினைவுச் சின்னங்களாக அறிவித்தது. 2014-இல் யாரோ இரவில் வந்து, குருஷினியானிப் பள்ளிவாசலின் சுவரில் இழிவான படம் வரைந்து சென்றதும் உண்டு. முந்நூறு ஆண்டு வாழ்ந்த பின்னும் "நீ யார்?" என்ற கேள்வி முற்றிலும் ஓயவில்லை போலும்!

ஆயினும் பெருநாட்களில் நகரங்களிலிருந்து குடும்பங்கள் திரும்பி வருகின்றன. முன்னோர் உறங்கும் மேட்டிலேயே இன்றும் தம்மவரை அடக்கம் செய்கின்றனர். அன்று மன்னர் சம்பளத்தை வெள்ளிக்காசாக எண்ணிக் கொடுத்திருந்தால், அது ஒரு தலைமுறையிலேயே செலவாகியிருக்கும். பணமில்லாத குறையால் கொடுத்த நிலமோ, தொழ ஓர் இடமாகவும் புதைக்க ஓர் இடமாகவும் நின்றது. மொழியை இழந்த ஒரு சிறு கூட்டம் தன் பெயரை இழக்காமல் காத்தது அந்த மண்தான்.