‘முதலாமவர்’ என்று யாரைச் சொல்வது?

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அதே தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் தெரிவானார். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவானது இதுவே முதல் தடவை என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பெருமையை இரண்டு மாவட்டங்களும் பங்குபோட்டுக்கொண்டன. யாரும் கணக்குக் கேட்கவில்லை. பெண் என்பதும் மலையகத்தவர் என்பதும் ஊரறிந்த விஷயங்கள். அளவுகோல் எது என்று தேட வேண்டிய தேவையே வரவில்லை.

தன்பாலீர்ப்பாளர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் என்று வரும்போது கணக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. தங்களை மறைக்காமல் பதவி வகித்தவர்களில் முதலாமவர் யார் என்ற கேள்விக்கு, கேட்கிற இடத்தைப் பொறுத்து வேறு வேறு பெயர் வருகிறது. பட்டம் யாருக்குப் போனால் என்ன என்று தோன்றலாம். ஆனால், பயந்து வாழும் ஒரு பிள்ளைக்கு ‘உன்னைப் போல ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தார்’ என்று காட்டக்கூடிய பெயர் அது. அதனால் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

உலகம் அதிகம் சொல்வது ஹார்வி மில்க்கின் பெயரை. 1977 இல் சான் பிரான்சிஸ்கோ நகரசபைக்குத் தெரிவானவர். மறு ஆண்டு நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1974 ஏப்ரலில், அமெரிக்காவின் இன்னொரு நகரமான ஆன் ஆர்பரின் நகரசபைக்கு கேத்தி கொசசெங்கோ என்ற மாணவி போட்டியிட்டார். தான் பெண்களை விரும்பும் பெண் என்று வாக்காளர்களிடம் சொல்லிவிட்டே நின்று, 52 வாக்குகளால் வென்றார். அதே நகரசபையில் அவருக்கும் முன்னால் நான்சி வெக்ஸ்லரும் ஜெரி டிகிரீக்கும் 1972 இல் தெரிவாகி, பதவியில் இருக்கும்போது 1973 இல் தங்களை அறிவித்தார்கள். பதவியில் இருந்ததைக் கணக்கெடுத்தால் அந்த இருவர் முதல். சொல்லிவிட்டு வென்றதைக் கணக்கெடுத்தால் கொசசெங்கோ முதல். மில்க் இந்த இரண்டு கணக்கிலும் முதலாமவர் அல்ல. ஆனாலும் பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது.

பிரித்தானியாவில் இன்னொரு சிக்கல். மொரீன் கொல்கூன் என்ற பெண் எம்.பி.யின் சொந்த வாழ்க்கையை 1976 இல் ஒரு பத்திரிகை வம்புப் பத்தியில் அம்பலப்படுத்தியது. 1979 தேர்தலில் அவர் தோற்றார். 1984 இல் கிறிஸ் ஸ்மித் எம்.பி., ரக்பி நகரத்துக் கூட்டமொன்றில் எழுந்து நின்று தன் வாயாலேயே சொன்னார். ஒருவரைப் பற்றி மற்றவர்கள் சொன்னதும், ஒருவர் தானே சொன்னதும் ஒன்றாகுமா? என் கணக்கில் ஆகாது. மற்றவர்கள் பிடித்து வெளியே தள்ளியதைச் சாதனையாக எழுதுவது, அந்த வம்புப் பத்தி எழுதியவனுக்குப் பங்கு கொடுப்பது போல.

இலங்கைக்கு வருவோம். இங்கே எல்லோரும் சொல்வது மங்கள சமரவீரவின் பெயர். மாத்தறையிலிருந்து 1989 இல் பாராளுமன்றம் வந்து, வெளிவிவகார அமைச்சராகவும் நிதியமைச்சராகவும் இருந்தவர். 2018 அரசியல் நெருக்கடியின்போது, நவம்பர் மாதப் பொதுக்கூட்டமொன்றில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவையும் அவரைச் சூழ்ந்திருந்தவர்களையும் ‘வண்ணத்துப்பூச்சிகள்’ என்று பழித்தார். சிங்களத்தில் அது ஆண்களை விரும்பும் ஆண்களை ஏளனம் செய்கிற சொல். கூட்டம் சிரித்தது. மங்கள ட்விட்டரில் பதில் போட்டார்: அட்டையாக இருப்பதைவிட வண்ணத்துப்பூச்சியாக இருப்பதே தனக்கு விருப்பம் என்று. அட்டை என்றால் என்னவென்று தேயிலை மலையில் வேலை செய்கிறவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த ஒரு வரியை வைத்தே, இலங்கையில் தன்னை மறைக்காத முதல் தன்பாலீர்ப்பு அரசியல்வாதி என்று பலர் அவரை எழுதுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 24 அன்று கொவிட்டால் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளிலும் அது இருந்தது. நானும் அவரைப் பட்டியலில் வைப்பேன். ஆனால் ஆண்டை மறைக்காமல் வைப்பேன். 1989 இல் மாத்தறை மக்கள் வாக்களித்தபோது இது பேச்சிலேயே இல்லை. 29 ஆண்டுகள் கழித்து, நாட்டின் தலைவரே மேடையில் கேலி செய்த நேரத்தில், ஒதுங்காமல் அந்தச் சொல்லைத் தன்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டார். முதலாவது என்ற பட்டத்தைவிட அந்தத் துணிச்சல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஏன் அவ்வளவு காலம் என்று கேட்பவர்கள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1883 இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம், 365A பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. முதலாவதுக்கு பத்து ஆண்டுகள் வரையும் இரண்டாவதுக்கு இரண்டு ஆண்டுகள் வரையும் சிறை. 1995 திருத்தம் பெண்களையும் இதற்குள் கொண்டுவந்தது. திருநங்கைகளைப் பிடிக்க, ஆள்மாறாட்ட மோசடி பற்றிய 399 ஆம் பிரிவையும் அலைந்துதிரிவோர் கட்டளைச் சட்டத்தையும் பொலிஸ் எடுத்துவருகிறது. இப்படியான நாட்டில், கைச்சாத்திட்டு அறிவித்தவரை மட்டும்தான் எண்ணுவேன் என்று நிற்பது நியாயமில்லை.

நேபாளத்தைப் பாருங்கள். 2007 இல் அங்கே உச்ச நீதிமன்றம் பால்புதுமையினரின் உரிமைகளை ஏற்றது. 2008 இல் சுனில் பாபு பந்த் அரசியலமைப்புச் சபைக்குள் வந்தார், தெற்காசியாவிலேயே தன்னை மறைக்காத முதல் தன்பாலீர்ப்புச் சட்டமன்ற உறுப்பினராக. அவர் தொகுதியில் நின்று வென்றவரல்ல, கட்சிப் பட்டியல் வழியாக வந்தவர். அதைக் காட்டி அவரைக் குறைக்கிறவர்கள் உண்டு. நம் நாட்டில் தேசியப் பட்டியலில் வந்தவர்கள் அமைச்சராகவே இருக்கிறார்கள். அந்த வாதம் இங்கே எடுபடாது.

உலகப் பட்டியல்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தியத் திருநங்கைகளை. 1998 முதல் 2003 வரை இருந்த மத்தியப் பிரதேச சட்டசபையில் ஷப்னம் மௌசி உறுப்பினராக இருந்தார். அதே காலத்தில் கட்னி நகர மேயராக வென்ற கமலா ஜானின் பதவியை நீதிமன்றம் பறித்தது: அது பெண்களுக்கு ஒதுக்கிய பதவி, அவர் பெண் அல்ல என்று. மக்கள் வாக்களித்து உட்கார வைத்தவரை ஒரு படிவத்தின் கட்டம் எழுப்பிவிட்டது. மூன்றாம் பாலினத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2014 இல் ஏற்ற பிறகு, 2015 ஜனவரியில் மது பாய் கின்னர் ராய்கர் மேயரானார். தமிழ்நாட்டில் 2020 தொடக்கத்தில் வெளியான உள்ளாட்சித் தேர்தல் முடிவுகளில் தி.மு.க.வின் ரியா திருச்செங்கோடு ஊராட்சி ஒன்றியத்துக்குத் தெரிவானார். 2022 இல் அதே கட்சியின் கங்கா வேலூர் மாநகராட்சிக்குத் தெரிவானார். கங்காவுக்கு முதல் பட்டம் கொடுத்தவர்கள் ‘மாநகராட்சியில்’ என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் ரியாவை அழித்துவிடுகிறார்கள். கிராமத்துப் பதவி பதவியில்லை என்ற எண்ணம் அந்த மறதிக்குள் இருக்கிறது.

ஊவாவில் எனக்கு உறைப்பது இந்த இடம்தான். பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் ஹப்புத்தளையிலும் முதல் ஏணிப்படி பிரதேச சபை. 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2018 இல் திருத்தம் வரும்வரை தோட்டங்களுக்குள் தன் நிதியைச் செலவழிக்கவே அந்தச் சபைக்குத் தடையிருந்தது. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் 2018 தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. 2016 சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கையின்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழைத் திருத்திய ஒரு திருநங்கை அந்த ஒதுக்கீட்டில் நிற்க முடிய வேண்டும். சான்றிதழுக்கு மனநல மருத்துவரிடம் போக வேண்டும். கொழுந்துக் கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற தோட்டத்தில், அதற்காக எத்தனை நாள் சம்பளத்தை விடுவது?

வேட்புமனு கிடைப்பதும் லேசல்ல. இங்கே தொழிற்சங்கமே கட்சி. தோட்டத் தலைவர் தலையாட்டாமல் பெயர் மேலே போகாது. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் நடப்பது இப்பால் கேட்கும். யார் யார் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. மாசி மாதம் காமன் கூத்தில் ரதி வேஷம் ஆணுக்குத்தான். அவனுக்குச் சேலை மடிப்பு வைத்துவிடவும் சவுரி முடித்துப் பூச்சூட்டவும் பெண்கள் கூடிவிடுவார்கள். ரதி அழுதால் கூடவே அழுவார்கள். ஆனால் அதே லயத்தில் ஒரு பையனின் நடை கொஞ்சம் நளினமாக இருந்தால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவனுக்குப் பட்டப்பெயர். இப்படி எல்லோரும் அறிந்து, யாரும் உச்சரிக்காத ஒருவர் நாளை பிரதேச சபைக்கு வந்தால் அவரைப் பட்டியலில் சேர்ப்பதா? அவராகச் சொல்லும்வரை வேண்டாம் என்பேன். தெரிந்ததைச் சொல்லும் உரிமை ஊருக்கு இல்லை, பத்திரிகைக்கும் இல்லை.

1947 இல் பதுளை உட்பட ஏழு தொகுதிகளில் தோட்ட மக்களின் பிரதிநிதிகள் வென்றார்கள். அடுத்த ஆண்டே அந்த மக்களைப் பிரஜைகளாக ஏற்காத பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் ஒருவர்கூட இல்லை. ஆட்கள் அதே மலையில்தான் இருந்தார்கள். யாரை எண்ணலாம் என்பதைச் சட்டம் தீர்மானித்தது. 365A செய்வதும் அதைத்தான்.

அதை மாற்றும் முயற்சி பாதி வழியில் நின்றுபோனது. 2023 இல் பிரேம்நாத் தொலவத்த எம்.பி. கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது; மே மாதம் சபாநாயகர் அதை அறிவித்தார். சாதாரணப் பெரும்பான்மையே போதுமாக இருந்தது. நிறைவேறாமலே 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைந்தது. இப்படியொரு சட்டமூலத்தைக் கொண்டுவர அமைச்சராக இருக்கத் தேவையில்லை, ஒரு உறுப்பினர் போதும். பதுளை மாவட்டம் ஒன்பது பேரை அனுப்பியிருக்கிறது.