திருச்சி முற்றுகையில் யார் சொல்லுக்கு மதிப்பு?

1752 ஏப்ரல். திருச்சிக் கோட்டையில் இருந்த மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸுக்கு ஒரு சிக்கல். ஜாக் லாவின் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபின் படையும் ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கியிருந்தன. கொள்ளிடத்துக்கு வடகரையில் ஒரு பிரிவை நிறுத்திப் பாண்டிச்சேரி வழியை அடைத்துவிட்டால் அவர்களுக்குச் சோறு கிடைக்காது. அந்தப் பிரிவுக்கு யாரைத் தலைவராக்குவது? லாரன்ஸின் மனதில் இருந்தவர் 26 வயது ராபர்ட் கிளைவ். அவரும் கேப்டன்தான். ஆனால் ஜிஞ்சன்ஸும் டால்ட்டனும் அவருக்கு முன்பே கேப்டன் ஆனவர்கள்.

அன்றைய ஐரோப்பியப் படைகளில் இது லேசான விஷயம் அல்ல. ஒரே பதவியில் இருவர் இருந்தால், யாருடைய நியமனப் பத்திரத்தில் தேதி முந்தியதோ அவரே கட்டளையிடுவார். திறமையைக் காட்டி அந்தத் தேதியைத் தாண்ட முடியாது. இந்த விதிக்கு வலுவான காரணமும் உண்டு. தளபதி குண்டடிபட்டு விழுந்த நிமிடத்தில் அடுத்தவர் யார் என்று களத்தில் வாக்குவாதம் நடக்கக் கூடாது.

சிக்கலை அவிழ்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல. நவாப் முகமது அலிக்குத் துணையாக வந்திருந்த மராட்டியரும் தஞ்சாவூர்ப் படையினரும், கிளைவ் தலைமை என்றால்தான் வருவோம் என்று நின்றார்கள். ஆற்காட்டுக் கோட்டையை அவர் 50 நாள் காத்து நின்ற செய்தி அவர்களை எட்டியிருந்தது. கிளைவ் ஆற்றைக் கடந்து சமயபுரத்தில் பாசறை அடித்தார். அடுத்த மாதம் பிச்சாண்டார்கோவில் தாக்குதலுக்கு முன் டால்ட்டனும் தன் படையோடு வடகரைக்கு வந்தார். விதிப்படி இனி அவர்தான் தலைவர். அவரோ தன் ஆட்களைக் கிளைவிடம் ஒப்படைத்துவிட்டு, வெறும் தொண்டராகச் சேர்ந்து போரிட்டார். ராபர்ட் ஆர்ம் எழுதிவைத்த இந்தப் போர் வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைத்த செயல் இது.

ஜூனில் லா சரணடைந்தார். ஆனால் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் இருந்த ராஜபுத்திரர் ஆயிரம் பேர் வெளியேற மறுத்தார்கள். மூன்றாம் மதிலைத் தாண்டி உள்ளே வந்தால் வெட்டுவோம் என்றார்கள். போரில் வென்றிருந்தும் ஆங்கிலேயர் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களின் பதவி ஏணி வேறு. சிப்பாய்க்கு மேலே நாயக், ஹவில்தார், ஜமேதார், உச்சியில் சுபேதார். அந்தத் தொடக்க ஆண்டுகளில் சுபேதார்தான் தன் சிப்பாய்ப் பிரிவுக்கே முகம்; அந்தப் பிரிவுக்கும் கம்பெனி என்றே பெயர். சிப்பாய் நேரில் அறிந்த அதிகாரம் அவருடையதுதான். 1758 வாக்கில்தான் இந்தத் தனித்தனிக் கம்பெனிகளைச் சேர்த்துப் பட்டாளங்கள் ஆக்கினார்கள். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்டில் புஜத்தில் இரண்டு பட்டை இருந்தால் நாயக், மூன்று இருந்தால் ஹவில்தார். ஜமேதார் என்ற பெயர் மட்டும் 1965-இல் நாயப் சுபேதார் என்று மாறியது.

இந்த ஏணியில் எல்லோரையும் விட உயரம் ஏறியவர் யூசுப் கான், மக்கள் மருதநாயகம் என்று சொல்லும் அதே வீரர். மீண்டும் முற்றுகை வந்த 1753, 54-இல் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் தொண்டைமான் சீமையிலிருந்தும் திருச்சிக்குத் தானிய வண்டிகளைக் காத்துக் கொண்டுவந்தார். 1754-இல் கம்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் அவரே கமாண்டன்ட்.

அதே 1754-இல் லாரன்ஸுக்கும் அடி விழுந்தது. மன்னரின் 39-ஆம் ரெஜிமென்ட் சென்னையில் வந்திறங்கியது. அதன் கர்னல் ஆட்லர்கிரான் இந்தியப் போரையே பார்த்திராதவர். ஆனாலும் அவர் கையில் இருந்தது மன்னரின் பத்திரம், அதனால் அவரே மேலதிகாரி. லாரன்ஸ் மனம் கசந்து ஒதுங்கினார். கடலுக்கு அப்பால் அமெரிக்க எல்லைக் காடுகளிலும் அந்த ஆண்டு இதே கதைதான். வர்ஜீனியா மாகாணப் படையின் கர்னல் ஜார்ஜ் வாஷிங்டனின் கட்டளையை, மன்னரின் பத்திரம் வைத்திருந்த கேப்டன் ஜேம்ஸ் மக்கே ஏற்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் வாஷிங்டன் பதவியை விட்டு விலகினார்.

லாரன்ஸின் குறையாவது பிறகு ஆறியது. சுபேதாருக்கு அந்த வழியே இல்லை. எத்தனை போர் பார்த்திருந்தாலும், நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய என்சைன் என்ற கடைநிலை வெள்ளை அதிகாரிகூட அவருக்கு மேல்தான். யூசுப் கானை 1764 அக்டோபர் 15-இல் மதுரையில் நவாப் முகமது அலி தூக்கிலிட்டார். போர்ப்படையில் கட்டளையிடும் மன்னரின் பத்திரம் இந்தியர் கைக்கு வர முதல் உலகப் போர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.